முதலில் ஒரு மாதம் ரூத்தோடு இருங்கள்

கேள்வி: எனக்கு 42 வயது. திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்து வளர்ந்தேன், இப்போது கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசெல்லாம் வாங்கியிருக்கிறேன். ஆனால் வேதாகமத்தை முழுதாக ஒருமுறைகூட வாசித்ததில்லை. மூன்று வருஷமாக ஜனவரி 1ஆம் தேதி ஆதியாகமத்தில் தொடங்குகிறேன், மூன்று வருஷமும் லேவியராகமத்தில் நின்றுபோனது. போன மாதம் ஆறாவது படிக்கும் என் மகன், "மத்தேயுவில யோசேப்போட அப்பா யாக்கோபுன்னு இருக்கு, லூக்காவில ஏலின்னு இருக்கு, எதும்மா சரி?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. இனியாவது ஒழுங்காகப் படிக்கலாம் என்றால் என் மாமியார், "ஜெபம்பண்ணி வாசி, அது போதும், ரொம்ப ஆராய்ந்தால் விசுவாசம் போய்விடும்" என்கிறார். பழைய பைபிளின் தமிழும் பல இடங்களில் புரியவில்லை. காலையில் அரை மணி நேரம்தான் கிடைக்கும். எங்கே தொடங்குவது?

அன்புள்ள சகோதரிக்கு,

நான் இறையியல் மாணவர்களுக்குப் பழைய ஏற்பாடு சொல்லிக்கொடுக்கிறவன். சாயங்காலங்களில் வேலைக்குப் போகிறவர்களுக்கும் வீட்டில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வகுப்பு எடுக்கிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கிற அதே மூன்று விஷயங்களை அந்த வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் நாளே சொல்லுவார்கள்: லேவியராகமத்தில் நின்றது, பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் போனது, வீட்டில் யாரோ வேண்டாம் என்று சொன்னது. அதனால் உங்களிடம் ஏதோ குறை இருக்கிறது என்று நினைக்காதீர்கள்.

லேவியராகமத்தில் நின்றதற்குக் காரணம் வெறும் கணக்குதான். வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். ஒரு வருஷத்தில் முடிக்க வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு மூன்றே கால் அதிகாரம். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, மொத்தம் 90. ஆக ஜனவரி மாதம் முடிவதற்குள் லேவியராகமத்தின் வாசலில் வந்து நிற்பீர்கள், அதுவும் யாத்திராகமத்தின் பின்பாதியில் ஆசரிப்புக் கூடாரத்தின் முழக் கணக்கையும் கொக்கி, பலகைக் கணக்கையும் தாண்டிக் களைத்துப் போய். அங்கே முதல் ஏழு அதிகாரமும் பலி முறைமைகள். எந்த ஆட்டை எப்படிப் பங்கிடுவது, கொழுப்பை என்ன செய்வது. ஆசாரியர்களுக்கு வேண்டிய அந்தப் பகுதியை, அது யாருக்கு, எதற்கு எழுதப்பட்டது என்று யாரும் சொல்லித்தராமல், காலை ஐந்தரை மணிக்கு இட்லி ஊற்றுவதற்கு முன்னால் மூன்று அதிகாரம் ஓட்டினால் யாருக்கும் நிற்கத்தான் செய்யும். வருஷத் திட்டம் கெட்டது என்று சொல்லவில்லை. ஏற்கெனவே நன்றாகப் பழகியவர்கள் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்கு அது நல்லது. முதல் தடவை ஊருக்கு வருகிறவருக்கு ஒரு தெருவை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து ஒரு மாதம் அதிலேயே இருங்கள். வழக்கமாக நான் மாற்கு சுவிசேஷத்தைச் சொல்லுவேன், ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்த பிறகு உங்களுக்குப் பழைய ஏற்பாட்டில் இருக்கிற ரூத் புத்தகம் என்று தோன்றியது. நான்கே அதிகாரம், 85 வசனம். நிதானமாகச் சத்தம்போட்டு வாசித்தால் இருபது நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். முதல் வாரம் முழுக்க வேறெதுவும் செய்ய வேண்டாம், தினமும் காலையில் ரூத்தை முதலிலிருந்து கடைசி வரை வாயால் வாசியுங்கள். கண்ணால் மட்டும் வாசித்தால் சின்ன வயதில் கேட்டுப் பழகின வசனங்களின் மேல் கண் தானாக வழுக்கிப் போய்விடும், வாய்விட்டு வாசிக்கும்போதுதான் யார் பேசுகிறார்கள், யாரிடம் பேசுகிறார்கள் என்று நிற்கத் தோன்றும். வசன எண்களைப் பார்க்காதீர்கள். அந்த எண்கள் எழுதினவர்கள் போட்டவை இல்லை; அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது, புதிய ஏற்பாட்டுக்கு இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்களை ராபர்ட் எஸ்தியேன் என்ற பாரிஸ் அச்சுக்காரர் 1551இல்தான் போட்டார். தேடி எடுக்க அவை உதவும், ஆனால் நம் சபைகளில் அந்த எண்கள் ஒவ்வொரு வசனத்தையும் தனித்தனி மாத்திரை போல ஆக்கிவிட்டன.

இதற்கு ரூத்திலேயே உதாரணம் இருக்கிறது. "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம், உம்முடைய தேவன் என்னுடைய தேவன்" என்ற வசனத்தை நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகைகளில் எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்! மணமகள் மணமகனிடம் சொல்வது போல அச்சடித்திருப்பார்கள். அதைச் சொன்னவள் ரூத். யாரிடம் சொன்னாள்? புருஷனிடம் இல்லை, புருஷன் செத்துப்போனான். மாமியாரிடம் சொன்னாள். பஞ்சம் பிழைக்கப் போன மோவாப் தேசத்தில் கணவனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்து, கையில் ஒன்றும் இல்லாமல், "என்னை நகோமி என்று சொல்லாமல், மாராள் என்று சொல்லுங்கள்" என்று ஊராரிடம் சொல்கிற அளவுக்குக் கசந்துபோன ஒரு வயதான அம்மாவிடம், நீ உன் வீட்டுக்குப் போ என்று அந்த அம்மா திரும்பத் திரும்பத் துரத்தியும் போகாமல், ஒரு மருமகள் நடுவழியில் நின்று சொன்ன வார்த்தை அது. அந்த வசனத்தைப் பத்திரிகையில் போடுவது பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் அதன் முழு எடை அந்தப் பாதையில் வைத்து வாசித்தால்தான் தெரியும். மனப்பாட வசனப் பரிசு வாங்கியவர் நீங்கள், உங்களிடம் நூறு வசனமாவது நெஞ்சில் இருக்கும். அவை எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு பாதையும், பேசுகிறவரும், கேட்கிறவரும் இருக்கிறார்கள். இனி நீங்கள் படிக்கப்போவது அதைத்தான்.

இரண்டாவது வாரம் ஒரு நோட்டு வாங்குங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் 80 பக்க நோட்டு போதும். இடது பக்கத்தில் ஒரு நாளைக்கு ஐந்தாறு வசனத்தைக் கையால் எழுதுங்கள், வலது பக்கத்தில் உங்களுக்குத் தோன்றுகிற கேள்விகளை எழுதுங்கள். பதில் எழுத வேண்டாம், கேள்வி மட்டும். "இந்த வசனம் எனக்கு என்ன சொல்கிறது" என்பது நமக்குப் பழகின கேள்வி, நல்ல கேள்விதான், ஆனால் அது கடைசியில் வர வேண்டியது. அதற்கு முன்னால் இந்த வசனம் என்னதான் சொல்கிறது, யார் சொல்கிறார்கள், இந்தச் சொல் வேறெங்கே வந்தது, இதற்கு முந்தின வரி என்ன என்று பாருங்கள். முதல் அதிகாரத்தில் "திரும்பு" என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது நன்றாக வரும் என்று என் வகுப்பில் பார்த்திருக்கிறேன். எண்ணி முடித்த பிறகு இன்னொரு கேள்வி வரும்: நகோமி திரும்புகிறாள் சரி, அவள் ஊர் பெத்லகேம், ரூத் அங்கே போனதே இல்லை, அவள் எங்கே "திரும்புகிறாள்"?

எபிரெயம் தெரியாமல் இதெல்லாம் முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். இரண்டு மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை நடந்துவிடும். எபிரெயம் தெரிந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு இடத்தை மட்டும் காட்டுகிறேன். இரண்டாம் அதிகாரத்தில், ரூத் கதிர் பொறுக்கப் போன வயலின் சொந்தக்காரர் போவாஸ் அவளை வாழ்த்தும்போது, இஸ்ரவேலின் தேவனுடைய "செட்டைகளின்கீழ்" நீ அடைக்கலம் தேடி வந்தாய் என்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் களத்தில் நள்ளிரவில் ரூத் அவரிடம் உம்முடைய "போர்வையை" என்மேல் விரியும் என்கிறாள். தமிழில் செட்டை வேறு, போர்வை வேறு. எபிரெயத்தில் இரண்டும் ஒரே சொல், கானாப். பறவையின் சிறகுக்கும் அதுதான், உடுத்தின துணியின் ஓரத்துக்கும் அதுதான். அதாவது கடவுளின் சிறகுக்குக் கீழே இடம் கிடைக்கட்டும் என்று வாயால் வாழ்த்தின மனிதரிடம், அந்தச் சிறகை நீர்தான் விரிக்க வேண்டும் என்று அவள் கேட்கிறாள். முதல் தடவை எபிரெயத்தில் இதைப் பார்த்த அன்றைக்கு நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்த மாதிரி விஷயத்துக்கு ஒரு நல்ல விளக்கவுரை போதும், நீங்கள் எபிரெயம் படிக்க வேண்டியதில்லை.

அதே வரியில் இன்னொரு சொல் இருக்கிறது, இது எபிரெயச் சிக்கல் இல்லை, தமிழ்ச் சிக்கல். "நீர் சுதந்தரவாளி" என்கிறாள். இன்றைய தமிழில் சுதந்திரம் என்றால் விடுதலை, ஆகஸ்ட் 15. பழைய பைபிள் தமிழில் சுதந்தரம் என்றால் பிதுரார்ஜிதம், பரம்பரையாக வருகிற பங்கு, உரிமை. ஒரு குடும்பம் நொடித்துப்போய் நிலத்தை விற்றுவிட்டால் அதை மீட்டுக்கொடுக்கக் கடமைப்பட்ட கிட்டின உறவுக்காரர்தான் சுதந்தரவாளி. இந்த ஒரு சொல் தெரியாவிட்டால் நான்காம் அதிகாரத்தில் ஊர் வாசலில் பெரியவர்களை உட்காரவைத்து நடக்கிற பேச்சுவார்த்தையும், செருப்பைக் கழற்றிக் கொடுப்பதும் ஒன்றுமே விளங்காது.

சரி, அந்தச் சட்டம் எங்கே இருக்கிறது? லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில். ரூத் ஏன் முன்பின் தெரியாத ஒருவர் வயலில் நுழைந்து கதிர் பொறுக்க முடிந்தது? வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அதை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரம் சொல்கிறது. நீங்கள் மூன்று வருஷமும் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பின அதே புத்தகம். மூன்றாவது வாரம் இந்த இரண்டு அதிகாரங்களுக்கு மட்டும் போய்விட்டு ரூத்துக்குத் திரும்பி வாருங்கள். ஒரு விதவையின் அடுப்பில் உலை ஏறுமா ஏறாதா என்பது அந்தச் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்று தெரிந்த பிறகு லேவியராகமம் வேறு மாதிரி வாசிக்கும்.

எங்கள் மாலை வகுப்பில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா இருந்தார். பள்ளிக்கூடம் அதிகம் போனவர் இல்லை. இரண்டாம் அதிகாரம் வாசித்தபோது கையைத் தூக்கி, "ஐயா, நானும் சின்ன வயசுல அறுத்த வயல்ல கதிர் பொறுக்கியிருக்கேன். ஒரு நாள் முழுக்கக் குனிஞ்சு பொறுக்கினாலும் முறத்துல அடங்கிப்போகும். இந்தப் பொண்ணுக்கு இவ்வளவு எப்படிக் கிடைச்சுது?" என்று கேட்டார். சரியான கேள்வி அது. அன்று சாயங்காலம் ரூத் தட்டி எடுத்த வாற்கோதுமை ஒரு ஏப்பா. அந்த அளவைப் பலரும் சுமார் 22 லிட்டர் என்று கணக்கிடுகிறார்கள். பொறுக்கினவள் கையில் அவ்வளவு வர வழியே இல்லை. பதில் அதற்கு ஒரு வசனம் முன்னாலேயே இருக்கிறது: அவளுக்காக அரிகளிலிருந்து வேண்டுமென்றே கொஞ்சம் உருவிப் போட்டுவிடுங்கள், அவளை அதட்டாதிருங்கள் என்று போவாஸ் ஆட்களிடம் சொல்லியிருக்கிறார். கொடுக்கிறவர் கொடுத்ததாகக் காட்டாமல், வாங்குகிறவள் தான் உழைத்தது என்று தலைநிமிர்ந்து கொண்டுபோகும்படி கொடுத்திருக்கிறார். எத்தனையோ வருஷம் பாடம் நடத்திய எனக்கு அந்த அம்மா கேட்ட பிறகுதான் அந்தக் கணக்கு உறைத்தது. நீங்களும் உங்கள் 42 வயதை இந்தப் படிப்புக்குக் கொண்டுவருகிறீர்கள். சம்பளம், கடன், மாமியார், இழப்பு எல்லாம் தெரிந்த ஒருவருடைய வாசிப்பு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வாசிப்பாக இருக்காது. அதனால் தாமதமாகிவிட்டது என்று வருத்தப்பட வேண்டாம்.

தமிழ் வேதாகமத்தின் கதையே அப்படி ஒரு வளர்ந்த மாணவரிடமிருந்துதான் தொடங்குகிறது. சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கியபோது அவருக்குத் தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாது, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் கற்றுக்கொண்டார். 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். பழைய ஏற்பாட்டை மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவர் 1719இல் இறந்துபோனார். எதுவரை வந்திருந்தார் தெரியுமா? ரூத் வரை. அதற்குமேல் ஷூல்ட்ஸ் என்ற இன்னொருவர் தொடர்ந்தார்.

மொழிபெயர்ப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் வீட்டில் இருப்பது 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு திருத்தி உருவாக்கிய மொழிபெயர்ப்பின் வழி வந்தது. அதைத் தூக்கி வைத்துவிடாதீர்கள். உங்கள் நெஞ்சில் இருக்கிற வசனங்கள் அந்தத் தமிழில்தான் இருக்கின்றன, ஜெபிக்கும்போது வாயில் வருவதும் அதுதான். பக்கத்தில் 1995இல் வந்த திருவிவிலியத்தை வைத்துக்கொள்ளுங்கள், அது கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு. "காலம் நிறைவேறிற்று, தேவனுடைய ராஜ்யம் சமீபமாயிற்று, மனந்திரும்பி, சுவிசேஷத்தை விசுவாசியுங்கள்" என்பது பழையது. "காலம் நிறைவேறிவிட்டது. இறையாட்சி நெருங்கி வந்துவிட்டது, மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்" என்பது புதியது. முன்னது கோயிலில் கேட்கிற குரல், பின்னது வீட்டுத் திண்ணையில் கேட்கிற குரல் மாதிரி எனக்குப் படும், இரண்டும் வேண்டும். இரண்டும் எங்கே வேறுபடுகிறதோ அங்கே ஒரு கேள்விக்குறி போடுங்கள், பெரும்பாலும் மூலத்தில் ஏதோ ஒரு சொல் இரண்டு பக்கமும் இழுக்கிற இடமாக இருக்கும். புத்தகப் பெயர்கள் மாறியிருக்கும், பயந்துவிடாதீர்கள்: ஆதியாகமம் அங்கே தொடக்க நூல், யாத்திராகமம் விடுதலைப் பயணம், சங்கீதம் திருப்பாடல்கள். கத்தோலிக்கப் பதிப்பு உங்கள் கைக்கு வந்தால் அதில் 66க்குப் பதில் 73 புத்தகங்கள் இருக்கும், தோபித்து, யூதித்து, மக்கபேயர் என்று நீங்கள் கேள்விப்படாதவை. அவற்றையும் ஒருநாள் வாசியுங்கள், இப்போது அவசரம் இல்லை.

இப்போது உங்கள் மாமியார் சொன்னதற்கு வருகிறேன். அந்த அம்மா சொன்னதில் பாதி சரி. ஜெபம்பண்ணி வாசிக்க வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் ஆராய்ந்தால் விசுவாசம் போய்விடும் என்பது வேதாகமத்தில் இல்லை. லூக்கா தன் சுவிசேஷத்தின் நான்காவது வரிக்குள்ளேயே, "ஆதிமுதல் எல்லாவற்றையும் திட்டமாய் விசாரித்தறிந்த நானும்" என்று சொல்லிவிட்டுத்தான் கதையைத் தொடங்குகிறார். பெரோயா ஊர்க்காரர்கள் பவுல் பிரசங்கித்ததையே அப்படியே விழுங்காமல் தினமும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்தார்கள், அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரம் அவர்களைப் புகழ்கிறது, திட்டவில்லை. அப்புறம் 8ஆம் அதிகாரத்தில் ஒரு எத்தியோப்பிய மந்திரி வருகிறார், எனக்கு மிகவும் பிடித்தவர். ராணியின் பொக்கிஷம் முழுவதையும் பார்த்துக்கொள்கிறவர், அதாவது உங்களைப் போலக் கணக்கு வழக்குப் பார்க்கிறவர். வளர்ந்த மனிதர், ரதத்தில் போய்க்கொண்டே ஏசாயாவைத் தானாக, அதுவும் சத்தமாக வாசிக்கிறார், அதனால்தான் சுவிசேஷகரான பிலிப்புவின் காதில் விழுகிறது. புரிகிறதா என்று பிலிப்பு கேட்டதும், ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்று கூச்சப்படாமல் சொல்லி, பக்கத்தில் ஏறி உட்காரச் சொல்கிறார். சொந்தமாகப் படிப்பதற்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது: தானாகத் தொடங்கினார், புரியாததைப் புரியவில்லை என்றார், சொல்லித்தர ஒருவர் வந்தபோது ரதத்தில் இடம் கொடுத்தார்.

உங்கள் மாமியாரோடு வாதம் பண்ண வேண்டாம். முதல் வாரம் நீங்கள் ரூத்தைச் சத்தமாக வாசிக்கும்போது ஒருநாள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாசியுங்கள், கண் சரியாகத் தெரியாவிட்டால் அவர்களுக்கு அது உதவியாகவும் இருக்கும். ஒரு மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் கைவிடாமல் இருந்த கதை. வாசித்து முடித்துவிட்டு, நகோமி ஏன் அப்படிக் கசந்து பேசினாள், அது விசுவாசக் குறைவா என்று அவர்களையே கேளுங்கள். வாழ்ந்து பார்த்தவர்கள், உங்களுக்கும் எனக்கும் தெரியாத பதில் அவர்களிடம் இருக்கும்.

நான்காவது வாரம்தான் விளக்கவுரையைத் திறக்க வேண்டும், அதற்கு முன்னால் வேண்டாம். உங்கள் நோட்டின் வலது பக்கத்தில் கேள்விகள் நிறைந்திருந்தால்தான் விளக்கவுரை உங்களோடு பேசும், இல்லாவிட்டால் அதுவே உங்களுக்குப் பதிலாக வாசித்துவிடும். ஒரு வேதாகம அகராதியும் ஒரு ஒத்தவாக்கிய அகராதியும் வீட்டில் இருந்தால் பல வருஷத்துக்குப் போதும். ஒரு சொல் வேதாகமத்தில் எங்கெங்கே வருகிறது என்று காட்டுவது ஒத்தவாக்கிய அகராதி, இப்போது போனிலேயே தேடலாம், ஆனால் புத்தகத்தில் தேடும்போது பக்கத்துச் சொற்களும் கண்ணில் படும். உங்கள் பைபிளின் கடைசியில் இருக்கிற வரைபடத்தில் மோவாபையும் பெத்லகேமையும் விரலால் தொட்டுப் பாருங்கள், நடுவில் உப்புக்கடல் இருக்கும்; இரண்டு பெண்கள் துணையில்லாமல் நடந்த வழி அது. யூடியூபில் வருகிற உபதேசங்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன்: பேசுகிறவர் ஒரு வசனத்தை எடுத்து அதற்கு முன்னும் பின்னும் வாசிக்காமல் வேறு புத்தகத்துக்குத் தாவினால், நீங்கள் நிறுத்திவிட்டு அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்துப் பாருங்கள். சில மாதத்தில் யார் பேச்சைக் கேட்கலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். உங்கள் போதகர் ஐயாவிடமும் போய்க் கேளுங்கள், கல்யாணமும் அடக்கமும் கமிட்டிப் பிரச்சினையுமாகவே நாள் போகிற போதகர்களுக்கு ஒரு சபையார் வசனத்தில் சந்தேகம் கேட்டு வந்தால் வருகிற சந்தோஷத்தை நான் பார்த்திருக்கிறேன்.

பயமுறுத்துகிற இடங்களும் வரும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். மோவாபியன் பத்தாம் தலைமுறையிலும் கர்த்தருடைய சபைக்குள் வரக்கூடாது என்று உபாகமம் 23 சொல்கிறது. ரூத் மோவாபியப் பெண். அவள் மகன் ஓபேத், ஓபேத்தின் மகன் ஈசாய், ஈசாயின் மகன் தாவீது. வரக்கூடாது என்று சட்டம் சொன்ன இனத்துப் பெண் ராஜாவுக்குக் கொள்ளுப்பாட்டி. இரண்டும் ஒரே வேதாகமத்துக்குள் இருக்கிறது. இதை அவசரமாகப் பூசி மெழுகி ஒட்டவைக்க வேண்டாம், நோட்டில் எழுதி வையுங்கள். யூதர்கள் இன்றைக்கும் வாரங்களின் பண்டிகையில் ரூத் புத்தகத்தை வாசிக்கிறார்கள். நியாயப்பிரமாணம் அருளப்பட்டதை நினைவுகூருகிற அதே பண்டிகையில் இந்த மோவாபியப் பெண்ணின் கதையை வாசிக்கிறார்கள் என்பது எனக்குப் பல வருஷமாக யோசிக்கக் கொடுத்த விஷயம்.

ரூத்துக்கு அப்புறம் மாற்கு. இரண்டு மாதமாவது வைத்துக்கொள்ளுங்கள். 16 அதிகாரம், நான்கு சுவிசேஷத்திலும் சின்னது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரே மூச்சில் சத்தமாக வாசித்தால் ஒன்றரை மணி நேரத்தில் முடியும். யூத வழக்கம் தெரியாதவர்களையும் மனதில் வைத்து எழுதினவர் அவர், கைகழுவுகிற முறைமையை 7ஆம் அதிகாரத்தில் நின்று விளக்குகிறார், "தலீத்தாகூமி" என்று இயேசு சொன்னால் உடனே அர்த்தமும் சொல்லிவிடுகிறார். கடைசி அதிகாரத்தில் 9ஆம் வசனத்திலிருந்து ஒரு அடிக்குறிப்பைப் பார்த்துத் திடுக்கிடுவீர்கள். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மிகப் பழைய இரண்டு கையெழுத்துப் பிரதிகளில் மாற்கு 16:8உடன் முடிந்துவிடுகிறது, பெண்கள் பயந்து ஓடுவதோடு. இது யாரும் மறைத்து வைத்த ரகசியம் இல்லை, வேதாகமத்தை அச்சிடுகிறவர்களே குறிப்பாகப் போடுகிறார்கள்.

உங்கள் மகனுடைய கேள்வி கடைசியில் வருகிறது, ஆனால் அதை நான் மறக்கவில்லை. அவனிடம் முதலில் சொல்ல வேண்டியது, நீ சரியாகத்தான் வாசித்திருக்கிறாய் என்பது. மத்தேயு 1:16இல் யாக்கோபு, லூக்கா 3:23இல் ஏலி. இதைச் சபை ஆரம்பத்திலிருந்தே கவனித்திருக்கிறது. 3ஆம் நூற்றாண்டில் யூலியு ஆப்பிரிக்கானு என்பவர் சொன்ன விளக்கம் ஒன்று உண்டு: யாக்கோபும் ஏலியும் ஒரு தாய்க்கு வெவ்வேறு கணவர்கள் மூலம் பிறந்த சகோதரர்கள், ஏலி பிள்ளையில்லாமல் இறந்துபோக, யாக்கோபு அவர் மனைவியைச் சேர்த்துக்கொண்டார், அவர்களுக்குப் பிறந்த யோசேப்பு பிறப்பால் யாக்கோபின் மகன், சட்டப்படி ஏலியின் மகன். இறந்தவனுடைய பெயர் அழியாமல் இருக்க உறவினன் செய்கிற அந்தக் காரியத்தை, உபாகமம் 25இல் சட்டமாகவும் ரூத் 4ஆம் அதிகாரத்தில் நடக்கிற கதையாகவும் அதற்குள் நீங்கள் பார்த்திருப்பீர்கள். லூக்கா தருவது மரியாளின் வழி என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டு பேரும் வேறு வேறு நோக்கத்தோடு பட்டியலை அமைத்தார்கள் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். மத்தேயு பதினாலு பதினாலாக மூன்று அடுக்கு கட்டுகிறார், அதற்காக யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவில் மூன்று ராஜாக்களை விட்டுவிடுகிறார், லூக்கா பின்னோக்கிப் போய் ஆதாம் வரை தொடுகிறார். எனக்கு இந்தக் கடைசி விளக்கம்தான் அதிகம் ஒட்டுகிறது. ஆனால் அவனிடம் மூன்றையும் சொல்லுங்கள், பெரியவர்கள் 1800 வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிற ஒன்றை அவன் தானாகக் கண்டுபிடித்தான் என்பதையும் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த நோட்டில் இடது பக்கம் ரூத் 4ஆம் அதிகாரத்தின் கடைசி ஐந்து வசனங்களையும், வலது பக்கம் மத்தேயு 1ஆம் அதிகாரத்தின் 3 முதல் 6 வரையும் எழுதச் சொல்லுங்கள். பேரேஸ் அங்கே பாரேஸ் என்றும் ராம் ஆராம் என்றும் இருக்கும், ஒரே ஆட்கள்தான். இரண்டு பக்கத்திலும் பேரேஸ் தொடங்கி தாவீது வரை அதே பத்து ஆண்கள். ஆனால் மத்தேயுவில் இடையிடையே வேறு சிலரும் நிற்கிறார்கள், இடது பக்கத்துப் பட்டியலில் அவர்கள் இல்லை. அவர்கள் யார், ஏன் மத்தேயு அவர்களைச் சேர்த்தார் என்று கேளுங்கள். அவனே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.